நுரை பொங்கினால் அழுக்கு போய்விடுமா?

வாஷிங் மெஷினில் பவுடரைக் கைபோன போக்கில் கொட்டுகிறவர்கள்தான் அதிகம். நுரை அளவுக்கு மீறினால் துணிகள் ஒன்றோடொன்று உரசுவது குறையும். அழுக்கும் சரியாகப் போகாது. அலசியும் போகாமல் தங்கும் பவுடர்தான் கறுப்பு பேன்ட்டில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, துண்டை விறைப்பாக்குகிறது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவே முதல் கணக்கு. அளவு மூடியை விளிம்புவரை நிரப்பாதீர்கள். உள்ளே கோடு இருக்கும், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துணி குறைவாக இருந்தால் அதற்கேற்ப பவுடரும் குறைய வேண்டும். போர் தண்ணீர் என்றால் மட்டும் கொஞ்சம் கூட்டித்தான் ஆகவேண்டும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பவுடரில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

காலர் அழுக்குக்காக மொத்தத் துணிக்கும் பவுடரைக் கூட்டுவது வீண். காலரில் மட்டும் லிக்விட் இரண்டு சொட்டு தேய்த்து, 10 நிமிடம் கழித்து மெஷினில் போடுங்கள். ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கு, அதற்கென்றே விற்கும் நுரை குறைந்த பவுடர்தான் சரி.

அளவு சரிதானா என்று சந்தேகமா? துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றைப் பக்கெட் தண்ணீரில் கசக்குங்கள். நுரை வந்தால், அடுத்த முறை பவுடரில் கால்வாசியைக் குறைத்துவிடுங்கள்.