பொதுக் கணனி மெதுவானால்: குறையைத் தேடும் முறை

கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்றால் கமக்காரர் உடனே புதுக் குளம் வெட்டப் புறப்படுவதில்லை. குளத்தில் நீர் இருக்கிறதா, துருசு திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இந்தப் பாடத்திலும் நாம் அதே முறையைத்தான் கைக்கொள்ளப் போகிறோம்.

இடம்பெயர்ந்த நம்மிற் பலரின் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகள் இன்று கந்தோர்க் கணனிகளில் இருக்கின்றன. பல மேசைகளிலுள்ள கணனிகள் ஒரே பொதுக் கணனியிலிருந்து கோவைகளை எடுக்கும். அந்தப் பொதுக் கணனியைச் சேர்வர் என்பார்கள். அது மெதுவானால் வரிசை நீளும்; ஒருநாட் கூலியை விட்டு வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். ஆகவே, கணனியில் வேலை செய்யும் நம் பிள்ளைகளும், சங்கச் செலவுக்குக் கையுயர்த்தும் அங்கத்தவர்களும் இதை அறிந்திருப்பது நல்லது.

1. முதலில் காப்புப் பிரதி
எதிலும் கை வைக்குமுன் எல்லாக் கோவைகளையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்து வையுங்கள். மூல உறுதியைத் தொலைத்தவருக்குக் கையிலுள்ள மிச்சம் அந்தப் பிரதியாக இருக்கலாம்.

2. ஒருவருக்கா, எல்லோருக்குமா?
ஒரு மேசையில் மட்டும் மெதுவென்றால் அந்தக் கணனியையோ அதன் கேபிளையோ பாருங்கள். எல்லா மேசைகளிலும் மெதுவென்றால் சேர்வரையும், கேபிள்கள் வந்து சேரும் சுவிச்சையும் பாருங்கள். குறித்த நேரத்தில் மட்டும் மெதுவென்றால், அந்நேரம் வைரசுச் சோதனையோ காப்புப் பிரதி வேலையோ நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

3. கடிகாரம் பிடித்து அளவுங்கள்
1 கிகாபைற் அளவுள்ள ஒரு கோவையைச் சேர்வரிலிருந்து மேசைக் கணனிக்குப் பிரதி செய்யுங்கள். 1000 மெகாபிற் இணைப்பில் ஏறக்குறைய 10 செக்கன் போதும். 90 செக்கன் அளவில் எடுத்தால் இணைப்பு 100 மெகாபிற்றுக்கு இறங்கியிருக்கக்கூடும். கேபிளுக்குள் 8 கம்பிகள், 4 சோடிகளாக உள்ளன. 1000 மெகாபிற்றுக்கு நான்கு சோடியும் வேண்டும். 100 மெகாபிற்றுக்கு இரண்டு போதும். எலி கடித்து ஒரு சோடி அறுந்தாலும் சிலவேளை வேலை நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள். அதன் நீளம் 100 மீற்றருக்கு மேற்படவும் கூடாது.

ஒரே கோவையை இரண்டாம் முறை எடுத்தால் அது நினைவகத்திலிருந்து விரைந்து வந்துவிடும், கணக்குப் பிழைக்கும். ஒவ்வொரு முறையும் வேறு கோவையை எடுங்கள்.

4. பெரியது விரைவு, சிறியவை மெதுவா?
ஒவ்வொரு கோவைக்கும் திறத்தல், அனுமதி கேட்டல், வாசித்தல், மூடுதல் என்று தனித்தனி வேலை உண்டு. ஒரே உறைக்குள் ஆயிரக்கணக்கான கோவைகளைக் குவித்தால் பட்டியல் வரவே நேரமெடுக்கும். கிராமவாரியாக, ஆண்டுவாரியாகப் பிரித்து வையுங்கள். சுருக்காமல் வைத்த ஏ4 வர்ணப் பிரதி ஒன்று, அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில், ஏறக்குறைய 26 மெகாபைற். 600 புள்ளியானால் அது நான்கு மடங்கு. எழுத்துத் தெளிவாக வாசிக்க 300 போதும்.

5. தட்டைப் பாருங்கள்
சேர்வரின் முன் அமர்ந்து, அதன் தட்டுக்குள்ளேயே ஒரு பெரிய கோவையைப் பிரதி செய்யுங்கள். அங்கும் இழுபட்டால் குறை வாய்க்காலில் அல்ல, குளத்தில். தட்டு நிரம்பியிருக்கலாம், அல்லது பழுதடையத் தொடங்கியிருக்கலாம். பழுதான இடத்தை வன்தட்டு திரும்பத் திரும்ப வாசிக்க முயல்வதாலும் வேகம் குறையும். 'டிக் டிக்' என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள். மெதுவாதல், எல்லாவற்றையும் இழக்குமுன் வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பழுதான தட்டை மட்டும் மாற்றினாற் போதும். முழுக் கணனியையும் வாங்கத் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முன்பு எத்தனை செக்கன், பின்பு எத்தனை செக்கன் என்று கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமற் போய்விடும்.

கலந்துரையாடலுக்கு
1. நமது சங்கக் கந்தோரின் காப்புப் பிரதி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது?
2. "புதுக் கணனி வேண்டும்" என்று கூட்டத்தில் கேட்கப்பட்டால் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் எவை?