ஆடியில் பேப்பர், ஆவணியில் பதிவு
(வீடு விற்கும் குடும்பத்துப் பெண்களுக்கான பாடம்)



கடனை அடைக்க, பாகம் பிரிக்க, பிள்ளைகள் படிப்புக்காக ஊர் மாற என்று நம் உறுப்பினர்கள் சிலர் வீட்டை விற்க வேண்டி வருகிறது. அந்த நாட்களில் நம்ம பாடு என்ன? விடியக்காலையில் பால் கறந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கரும்பு வெட்டவோ மரவள்ளி பிடுங்கவோ போகணும். சாயங்காலம் குழுக் கூட்டம். நடுவில் வீடு பார்க்க ஆள் வந்தால் டீ போடணும். ஞாயிற்றுக்கிழமை பங்காளி வீட்டுக் காதுகுத்து, மொய் வைக்காம இருக்க முடியுமா?

இத்தனையும் சுமந்துவிட்டு, பதிவு அலுவலகத்தில் "இங்க கையெழுத்துப் போடு" என்றதும் படிக்காமலே போட்டுவிடுகிறோம். பெருக்கி வெள்ளையடிப்பது நம்ம வேலை, பத்திரம் ஆம்பளைங்க வேலை என்ற இந்தப் பழக்கத்தை மாற்றத்தான் இந்தப் பாடம்.

1. முதலில் பேப்பர், பிறகு வெள்ளையடிப்பு

ஒரு பையில் இவற்றைச் சேருங்கள்: தாய்ப்பத்திரம், நமக்கு வந்த பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது. வீட்டுக்காரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வீட்டின் மேல் கடன் இருந்தால் அடைத்து, அசல் பத்திரத்தைத் திரும்ப வாங்குங்கள். பட்டாவிலும் ஆதாரிலும் பெயர், இன்ஷியல் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் நாள் பிடிக்கும். அதனால்தான் பேப்பர் முதலில்.

2. விற்க உரிமை இருக்கா?

கல்வராயன் மலையில் உள்ள சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைத்த பட்டா, கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கும், வாரிசுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. அரசு கொடுத்த இலவச வீட்டுமனைப் பட்டாவிலும் விற்பனைக்கு நிபந்தனை இருக்கும். முன்பணம் வாங்குவதற்கு முன்பே பட்டாவை எடுத்துப்போய் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

3. யார் யாருக்குப் பங்கு?

இந்துக் குடும்பத்தில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் அவர் இறந்தால், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அவருடைய தாய் இருந்தால் அவருக்கும் உண்டு. இது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போல உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-ல் மத்திய அரசுத் திருத்தத்தால் கல்யாணமான மகள்களுக்கும் அது கிடைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்து பாகம் பிரித்த சொத்துக்கு அந்தத் திருத்தம் பொருந்தாது.

இந்த வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பெண்ணுக்குப் பங்கில்லை என்ற வழக்கம் நிரூபிக்கப்படாதபோது பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"அக்கா, ஒரு கையெழுத்துதானே" என்று தம்பி கேட்டால், அது விடுதலைப் பத்திரமா, விற்பனைப் பத்திரமா என்று முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் நீதிமன்ற வளாகத்துச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு போன் செய்யலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசம்.

4. முன்பணம் வாங்கும்போது

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணம் என்றால் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. வங்கி வழியாக வாங்கினால் கணக்கும் நிற்கும். வெற்று முத்திரைத்தாளில் யாருக்கும் கையெழுத்துப் போட வேண்டாம். முழுப் பணம் வந்த பிறகே சாவி.

விற்ற பணத்தில் வேறு இடம் வாங்கினால் நம்ம பெயரையும் நினையுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

5. வேலையைப் பங்கு போடுங்கள்

காலண்டரில் மூன்று வரிசை போடுங்கள்: வீட்டு வேலை, பேப்பர் வேலை, விசேஷம். ஆடியில் பத்திரம் பதிய நிறையப் பேர் தயங்குவார்கள். அந்த மாதத்தில் பேப்பரைச் சேர்த்தால் ஆவணியில் பதியலாம். மார்கழியும் தையும் அப்படித்தான். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் சொல்லிவிடுங்கள். நினைத்த நேரத்துக்கெல்லாம் வந்தால் அடுப்பும் கெடும், கூலியும் போகும்.

நெருங்கிய சொந்தத்து விசேஷத்துக்கு நாமே போவோம். மற்றதுக்கு மகனோ வீட்டுக்காரரோ மொய் கொண்டுபோகட்டும். பரண் மேல் இருக்கும் பழைய பாத்திரம் பண்டங்களைப் பிள்ளைகள் இறக்கட்டும். ஆனால் பேப்பர் பை மட்டும் நம்ம கையில் இருக்கட்டும். குழுக் கூட்டத்தையும் விடாதீர்கள். பத்திரம் படிக்கத் தெரிந்த சகோதரி அங்கே ஒருத்தராவது இருப்பார்.

குழுவில் கலந்து பேச:

• நம் வீட்டுப் பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் உள்ளன? எங்கே இருக்கின்றன?
• படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் நம்மில் உண்டா? அது என்ன பத்திரம்?
• வீடு விற்கும் உறுப்பினர் அலைய வேண்டிய நாளில் அவர் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்ளலாம்?

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பட்டா நகல் ஒன்று எடுத்து வாருங்கள். சேர்ந்து படிப்போம்.