முடிக்கு எழுதிய மாத்திரை

தோல் வறண்டால் தேங்காய் எண்ணெய், முடி கொட்டினால் கரிசலாங்கண்ணி என்று யோசனை சொல்ல எங்கள் வீட்டில் ஆள் பஞ்சமில்லை. தைராய்டாக இருக்குமோ என்று கேட்டது நான் மட்டும்தான். ரத்தம் கொடுத்தேன். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. என்னைக் கெடுத்தது அந்த ரிப்போர்ட்தான்.

நடந்தது இதுதான். முடி கொட்டுகிறதென்று ஒரு தோல் கிளினிக்கில் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். உடம்புக்குத் தினமும் தேவைப்படுவதைப் போல இது நூற்றுக்கணக்கான மடங்கு. தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவைப் பல லேப் இயந்திரங்கள் பார்ப்பதே பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்துத்தான். ரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும், தைராய்டு ஹார்மோனான டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். தைராய்டு குறைந்து டிஎஸ்ஹெச் ஏறியவளும் நார்மலாகத் தெரிவாள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதை எச்சரித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தவரும் சொல்லவில்லை, ரத்தம் எடுத்தவரும் கேட்கவில்லை.

அதற்குள் உள்ளங்கை மஞ்சளானது. காமாலை என்று மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். காமாலையென்றால் கண் அல்லவா மஞ்சளாக வேண்டும்? தைராய்டு ஹார்மோன் குறைந்தால், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறுவது மந்தமாகி, தோலில் தங்கிவிடும். முகம் உப்பியது. "நல்லா சாப்பிடறீங்க போல அண்ணி" என்றாள் நாத்தனார். அது கொழுப்பே இல்லை. தோலுக்கடியில் ஹயலுரோனிக் அமிலம் சேர்ந்து தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் அழுத்தினால் குழி விழவில்லை.

கடைசியில் எங்கள் தெரு டாக்டர்தான், "ஏம்மா, புருவத்தோட வால் எங்க போச்சு?" என்று கேட்டார். பயோட்டினை நிறுத்தி மறுபடி பார்த்ததில் டிஎஸ்ஹெச் எகிறியிருந்தது. பிறகு தைராக்சின், சில வாரம் கழித்து மறு பரிசோதனை, அளவு மாற்றம், வழக்கமான கதைதான். தோல் முதலில் தேறியது, முடிக்கு மாதக்கணக்கானது.

தைராக்சின் எடுப்பவர்களே, நீங்களும் எழுந்ததும் காபியைத்தான் தேடுவீர்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியாவது பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். முடிக்கென்று எது சாப்பிட்டாலும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது 2 நாள் நிறுத்திய பிறகே ரத்தம் கொடுங்கள். லேபில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லுங்கள்.