தேங்காய்த் தண்ணீர்க் காடி நொதியாதிருத்தலும் அதற்குரிய பரிகாரமும்

கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது வீணே தரையில் ஓடும் தண்ணீரிலிருந்து வினிகர் எனப்படும் காடி செய்யலாம் என்பது தென்னை விவசாயிகளுள் பலர் அறிந்ததே. இம்முயற்சியில் இறங்கியோர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுண்டு. 100 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சர்க்கரை சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் இட்டு இரண்டு நாளாகியும் நுரை எழவில்லை என்பதே அது. அவ்வளவையும் கொட்டிவிடுமுன் காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

காடி இரு படிகளில் உண்டாகிறது. முதற்படியில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமிலவாயுவாகவும் மாற்றுகிறது. இரண்டாம் படியில் வேறொரு வகைக் கிருமி காற்றின் உதவியால் அச்சாராயத்தைப் புளிப்பாக்குகிறது. முதற்படி நடவாவிடில் இரண்டாவதற்கு வேலையே இல்லை.

நொதித்தல் உண்மையில் தொடங்கவில்லையா என்பதை முதலிற் பார்க்க. முதல் 24 மணி நேரம் அரவமின்றி இருத்தல் இயல்பு. மூடி சரியாகப் பொருந்தாத பாத்திரத்தில் வாயு பக்கவாட்டில் கசிந்துவிடுமாதலால், குமிழி காணோம் என்று மட்டும் வைத்து முடிவு செய்தல் கூடாது. சர்க்கரை அளக்கும் பிரிக்ஸ் மானியை மிதக்கவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் 12 முதல் 14 டிகிரி காட்டியது மறுநாள் குறைந்திருப்பின், வேலை நடந்துகொண்டிருக்கிறது. இக்கருவி சொற்ப விலைக்குக் கிடைப்பது. இதை வாங்காமல் சர்க்கரைக்குச் செலவிடுவோரின் சிக்கனம் எனக்கு விளங்குவதில்லை.

அளவு சிறிதும் இறங்காவிடில், பெரும்பாலும் குற்றம் சூட்டினுடையது. பெரிய அண்டாவிலுள்ள திரவம் ஆற நெடுநேரமாகும். அவசரத்தில் 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் ஈஸ்டை இட்டால் அது மடிந்துபோகும். நன்கு கலக்கி, உஷ்ணமானி 30 டிகிரி காட்டிய பிறகே இடுதல் வேண்டும். மலையடிவாரங்களில் மார்கழிக் குளிரில் திரவம் மிகவும் குளிர்ந்துவிட்டால் ஈஸ்ட் மடியாது, மந்தமாகும். பாத்திரத்தைச் சாக்கினாற் சுற்றி வைத்தாற் போதும்.

அடுத்தது ஈஸ்டின் பழமை. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரை கரைத்து, ஈஸ்டைத் தூவிக் கால்மணி நேரம் வைத்தால் நுரைக்க வேண்டும். நுரையாததை எறிந்துவிடுக.

பலர் அறியாத காரணம் ஒன்றுண்டு. விரைவில் புளிக்கட்டும் என்று பழைய காடியை முதல் நாளே ஊற்றிவிடுகின்றனர். அல்லது முன்பு காடி இருந்த பீப்பாயை அப்படியே பயன்படுத்துகின்றனர். அதிலுள்ள புளிப்பு ஈஸ்டை ஒடுக்கிவிடும். தாய்க்காடியைச் சேர்க்கும் காலம், சர்க்கரை தீர்ந்து பிரிக்ஸ் மானி இரண்டு மூன்று டிகிரிக்கு இறங்கிய பின்னரே ஆகும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம் இடுவோர் பளிச்சென்று வெளுத்த வெல்லத்தைத் தவிர்க்க. வெளுப்பதற்கு இட்ட இரசாயனத்தின் கந்தகவாயு மிகுந்திருப்பின் ஈஸ்டுக்கு ஆகாது. கறுத்த நாட்டு வெல்லமே உத்தமம்.

பரிகாரம் கடினமன்று. திரவத்தில் துர்நாற்றமோ பூஞ்சணமோ காணப்படின் கொட்டிவிடுதலே நலம். இல்லையேல், பழைய காடி கலவாத திரவத்தை மீண்டும் காய்ச்சி ஆற்றி, சுத்தமான இரு பாத்திரங்களுக்கிடையே நாலைந்து முறை மாற்றி ஊற்றுக. காய்ச்சும்போது வெளியேறிய காற்று இதனால் திரும்பக் கலக்கும். ஈஸ்ட் பெருகுவதற்குத் தொடக்கத்தில் காற்று அவசியம். பின்பு, குவளையில் நுரைத்த புதிய ஈஸ்டைச் சேர்த்து மூடி வைத்தால் மறுநாளே வேலை தெரியும்.

விற்பனைக்குரிய காடியில் குறைந்தது 3.75 சதவிகிதம் அசெட்டிக் அமிலம் இருத்தல் வேண்டுமென்பது இந்திய உணவுத் தரவிதி. முதற்படி அரைகுறையாக நின்ற சரக்கு அவ்வளவை எட்டுவது அரிது.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு: முதற்படி முடிந்த திரவம் சாராயச் சத்துள்ளது. ஆதலின் இத்தொழிலைத் தொடங்க விரும்புவோரை, பாத்திரம் வாங்குமுன்னரே மதுவிலக்கு அதிகாரிகளிடம் விசாரித்து, வேண்டிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுமாறு தெரிவிக்க.