சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்தவர்



நம்ம ஊர் கல்யாண ஊர்வலத்தில் பாண்டு செட்டோடு பளபளன்னு வளைஞ்ச ஒரு வாத்தியம் வருமே, அதன் பெயர் சாக்ஸபோன். பெல்ஜியம் நாட்டுக்காரர் அடால்ஃப் சாக்ஸ் கண்டுபிடித்து 1846ல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரேதான் வாத்தியத்துக்கும். பித்தளையில் செய்தது என்றாலும் புல்லாங்குழல், நாதஸ்வரம் இருக்கும் மரக்காற்று வாத்திய வகையில்தான் இதைச் சேர்க்கிறார்கள். ஏன் தெரியுமா? ஊதும் இடத்தில் ஒரு நாணல் பட்டை இருக்கிறது. அது அதிர்ந்தால்தான் சத்தமே வரும். நம் மலைக்கோயில் நாதஸ்வரத்தில் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சீவாளியும் நாணல்தான். அதில் இரண்டு பட்டை, இதில் ஒன்று. ஆக இரண்டும் தூரத்துச் சொந்தம்!

இந்த சாக்ஸபோனில் ராகம் வாசித்துக் காட்டியவர் கத்ரி கோபால்நாத். 1949ல் கர்நாடகத்தில் மங்களூர் பக்கம் பிறந்தார். அப்பா நாதஸ்வரக்காரர். சின்ன வயதில் மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்தில் சாக்ஸபோனைக் கேட்டு, வாசித்தால் இதைத்தான் வாசிப்பேன் என்று ஆசைப்பட்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும் பிறகு சென்னையில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடமும் பாடம் கேட்டார். (டி.வி.ஜி. இளையராஜாவுக்கும் கர்நாடக இசை சொல்லிக்கொடுத்தவர்.)

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் தெருவில் பாண்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர் வாத்தியத்தைக் கையில் கொடுத்துக் காட்டினார். நாதஸ்வரத்தில் ஏழு துளையும் விரலுக்கு அடியிலேயே இருக்கு. பாதி மூடலாம், மெல்லத் திறக்கலாம், அப்படித்தான் கமகம் வரும். கமகம் என்றால் ஸ்வரத்தை அசைத்து, இழுத்து, அடுத்ததோடு ஒட்டவைப்பது. அது இல்லாவிட்டால் தோடி தோடியாகவே இருக்காது. சாக்ஸபோனில் விரல் துளையைத் தொடுவதே இல்லை. சாவியை அழுத்தினால் மூடி 'டப்'னு மூடும், விட்டால் திறக்கும். அதனால் குழைவை எல்லாம் உதட்டிலும் மூச்சிலும்தான் கொண்டுவரணும். அண்ணன் ஒரு தரம் செய்து காட்டினார், கன்னம் வலிக்குதும்மா என்றார். கோபால்நாத் இதைப் பல வருஷம் சாதகம் செய்து பிடித்தார். விருதைவிட எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிகிறது.

1980ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி இவரைக் கேட்டுவிட்டு, சேர்ந்து வாசிக்க விரும்பி மேடை ஏறினார். 1994ல் லண்டனில் பி.பி.சி. நடத்தும் பிராம்ஸ் இசை விழாவில் வாசித்தார். அதே வருஷம் வந்த பாலசந்தர் படம் 'டூயட்'டில், ஏ.ஆர்.ரகுமான் இசையில், பிரபு வாசிப்பதாக வரும் சாக்ஸபோன் இவருடையது. 2004ல் பத்மஸ்ரீ. 2008ல் நியூயார்க் ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு ஓர் ஆல்பம். 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

பாண்டு வாசிக்கிறவங்களைச் சிலர் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில்தான் உட்கார வைக்கிறாங்க, நானே பார்த்திருக்கேன். அதே வாத்தியம் சபாவுக்குப் போனால் பொன்னாடை போடுறாங்க. வாத்தியம் மாறவில்லையே!

பெண்கள் ஊதும் வாத்தியம் வாசிக்கலாமா என்று என் தோழி கேட்டாள். லாவண்யா, சுப்புலட்சுமி என்ற சகோதரிகள் சாக்ஸபோனில் கச்சேரி செய்கிறார்களே!

'டூயட்' பாட்டு கேட்டவர்கள் அடுத்து, வயலின் கன்னியாகுமரி அம்மாவுடன் கோபால்நாத் வாசித்த கச்சேரியைக் கேளுங்கள். அவரும் ஆந்திராவில் பிறந்து சென்னைக்கு வந்தவர்தான். வயலின் ஒரு வரி வாசிச்சா சாக்ஸபோன் அதுக்குப் பதில் சொல்லும். எது எப்போ நின்னுச்சுன்னே சில இடத்தில் தெரியாது.