புழுவும் செடியும் ஒரே தாளில்

கேள்வி: அறிவியல் படத்தில் அழகு சேர்த்தால் துல்லியம் கெட்டுவிடும் என்கிறார்களே, சரிதானா?
- ஓவியக் கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மரியா சிபில்லா மெரியன் வரைந்தவற்றைத் தேடிப் பாருங்கள். 1647இல் பிராங்பர்ட்டில் பிறந்தவர். பூச்சிகள் அழுகலிலிருந்து தாமே தோன்றுவதாகப் பலர் நம்பிய காலத்தில், சிறுமியாகவே பட்டுப்புழு வளர்த்துக் கவனித்தவர். 1699இல், 52 வயதில், இளைய மகளுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போனார். அதன் விளைவான நூல் 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது, 60 படங்கள்.

புழு, கூடு, சிறகு விரித்த பூச்சி, அது தின்னும் செடி எல்லாமே ஒரே தாளில். கண் தண்டின் வளைவைத் தொடர்ந்து போனால், ஓர் உயிரின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். அந்த வளைவை வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? செடியைப் பூச்சியிலிருந்து பிரித்திருந்தால் உண்மையில் பாதி போயிருக்கும். சில படங்களில் பிழைகளும் உண்டு. அவற்றுக்குக் காரணம் அழகு என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் எருக்கஞ்செடியில் தொடங்குங்கள். அதன் இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழு கிடைக்கும். அது வண்ணத்துப்பூச்சியாகும்வரை தினமும் வரையுங்கள்.