கரணை ஏந்திய கை

மாட மாளிகைகளைக் காண்போர் அவற்றின் அழகை வியப்பர். கட்டுவித்தோர் பெயரையும் கேட்டறிவர். சாரத்தின்மேல் நின்று கல்லடுக்கிய கைகளை நினைப்பார் மிகச் சிலரே. அத்தகைய கையினர் ஒருவர் தம் நாட்டுப் பேரவையினுள் புகுந்து, தோழர்களின் உயிருக்கும் உடலுக்கும் காப்புத் தேடினார். அவரே பிரெஞ்சு நாட்டு மார்த்தேன் நதோ.

பிரெஞ்சு நாட்டின் நடுப்பகுதியில் உள்ளது கிரூஸ் மாவட்டம். அது வளங்குன்றிய நிலம். ஆதலின், அக்காலத்து அங்கு வாழ்ந்த ஆடவர் பல்லாயிரவர் இளவேனிற் காலத்தில் ஊரைவிட்டுப் புறப்படுவர். பாரிஸ் முதலிய நகரங்களிற் கட்டட வேலை செய்து, பனிக்காலத்தில் வீடு திரும்புவர். அம்மாவட்டத்து லா மார்த்தினேஷ் என்னும் சிற்றூரில், 1815ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் நதோ பிறந்தார். அவர்தம் தந்தையாரும் கொத்தனாரே. மகன் எழுத்தறிய வேண்டும் என்பது தந்தையார் விருப்பம். நிலத்தில் உழைக்க வேண்டியவனுக்குப் படிப்பு வேண்டா என்பது பாட்டனார், தாயார் ஆகியோரின் எண்ணம். தந்தையார் உறுதி தளராது மகனைக் கற்பித்தார். அக்கல்வியே பின்னாளில் நதோவுக்குப் பெருந்துணையாயிற்று.

1830ஆம் ஆண்டில், பதினான்கு வயதுச் சிறுவராகிய நதோ தந்தையாருடன் பாரிஸ் நகருக்குப் புறப்பட்டார். வழியின் பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்தனர். நகரில் அவருக்குக் கிடைத்தது சிற்றாள் வேலை. சாந்து குழைப்பதும், அதனைச் சுமந்து ஏணியேறுவதும் அவர்தம் அன்றாடப் பணிகள். ஒருமுறை உயரத்தினின்று வீழ்ந்து கைகள் முறிவுற்றார். எனினும், உடல் தேறியதும் மீண்டும் வேலைக்குச் சென்றார். நாளடைவில் தேர்ந்த கொத்தனாரானார். குடும்பத்தை அழுத்திய கடனையும் உழைத்தே தீர்த்தார்.

பகலெல்லாம் சுவரெழுப்பிய நதோ, இரவில் தம் தோழர்களுக்கு ஆசிரியரானார். தாம் தங்கிய எளிய அறையிலேயே அவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தார். பொதுநலப் பேச்சிலும் முன்னின்றார். 1848இல் பிரெஞ்சு நாட்டில் முடியாட்சி நீங்கிக் குடியரசு மலர்ந்தது. மறுஆண்டில் கிரூஸ் மக்கள் நதோவைத் தம் உறுப்பினராகப் பேரவைக்கு அனுப்பினர். கட்டட வேலை செழித்தால் எல்லாத் தொழிலும் செழிக்கும் என்று பிரெஞ்சு மக்களிடையே வழங்கும் முதுமொழி, 1850இல் அவர் ஆற்றிய உரையினின்று தோன்றியதாகும்.

1851ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், குடியரசுத் தலைவராய் இருந்த லூயி நெப்போலியன் படைவலியால் பேரவையைக் கலைத்தார். நதோ சிறைப்பட்டார்; பின் நாடு கடத்தப்பட்டார். ஆங்கில நாடு சேர்ந்த அவர், முன்னைய பதவியை எண்ணி வருந்தாது மீண்டும் கரணையைக் கையிலெடுத்தார். ஆங்கிலமும் கற்று, விம்பிள்டனில் பிரெஞ்சு மொழி ஆசிரியராய் அமர்ந்தார். 1870இல் பேரரசு வீழவே, தாயகம் திரும்பினார். கம்பெத்தா என்னும் தலைவர் அவரைக் கிரூஸ் மாவட்ட ஆட்சித்தலைவராக அமர்த்தினார். 1876 முதல் 1889 வரை நதோ மீண்டும் பேரவை உறுப்பினராய் விளங்கினார்.

அந்நாளில் தொழிலாளி ஒருவன் சாரத்தினின்று வீழ்ந்து ஊனமுற்றால், முதலாளியின் குற்றமே அதற்குக் காரணம் என்பதை அவனே வழக்குமன்றத்தில் மெய்ப்பித்தல் வேண்டும். அவன் இறந்தால், அச்சுமை அவனுடைய மனைவி மக்களைச் சாரும். சான்று கூற வேண்டிய உடனுழைப்போரோ வேலை போய்விடுமென்று அஞ்சுவர். வழக்காடப் பொருளும் இராது. உயரத்தினின்று வீழ்ந்த துயரைத் தாமே அறிந்த நதோ, 1880இல் ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தார். வேலையில் ஒருவன் காயமுற்றாலோ இறந்தாலோ முதலாளியே பொறுப்பாளர். தொழிலாளியின் குற்றமே காரணமாயின், அதனை முதலாளி மெய்ப்பிக்கட்டும் என்பது அதன் கருத்து. மெய்ப்பிக்கும் சுமையை மெலியவன் தோளினின்று வலியவன் தோளுக்கு மாற்றுவதே அவர் நோக்கம்.

அம்முன்வரைவு எளிதில் நிறைவேறவில்லை. கருத்து வேற்றுமைகளால் ஆண்டுகள் பல கழிந்தன. 1889இல் நதோ தேர்தலில் தோற்று ஊர் திரும்பினார். 1895இல் தம் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். இறுதியில் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சட்டம் பிறந்தது. அது நதோ கேட்டதினும் ஒருபடி மேற்சென்றது: யார் குற்றம் என ஆராயாமலே, அளவு வகுத்த இழப்பீட்டைத் தொழிலாளி பெறலாம் என விதித்தது. அப்போது நதோ பேரவையில் இல்லை. ஆயினும் அந்நாளைக் காண உயிரோடிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 28ஆம் நாள், பிறந்த ஊரிலேயே அவர்தம் வாழ்வு நிறைவுற்றது.

மாணவர்களே! ஏழைச் சிறுவர் ஒருவர் உயர்நிலை எய்தியது பெருமையே. ஆயின், உயர்ந்தபின் கீழே நின்ற தோழர்களை மறவாமை அதனினும் பெரிது. நதோ அடுக்கிய சுவர்களுட் பல இன்று இடிந்திருக்கலாம். அவர் அடித்தளமிட்ட நீதி நிலைத்து நிற்கின்றது.